மூன்று நாள் போடாத ஊசி

நகரியின் விசைத்தறிக் கொட்டகைகளில் தேவசேனாவைப்போல் அறுந்த இழையைச் சட்டென்று கண்டுபிடிப்பவர்கள் குறைவு. தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. தோளைத் தட்டிக் கூப்பிட்டு, இழை போன இடத்தைக் கண்ணாலேயே காட்டுவாள். நாற்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி போடவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

எட்டு வருடமாகச் சர்க்கரை. ஊசியைக் கண்டால் நடுங்குவாள். காலையும் மாலையும் கணவன் செங்கல்வராயன்தான் இன்சுலின் போட்டுவிடுவான். "தெருவுல பெரிய சண்டக்காரின்னு பேரு. இதுக்குப் போய் கண்ண மூடிக்கிற" என்பான்.

போன ஆடியில் அவளுடைய வலது கன்னம் வீங்கியது. செங்கல்வராயனின் அக்கா சுந்தரம்மா பார்த்தவுடனே சொல்லிவிட்டாள்.

"பொன்னுக்கு வீங்கிடா இது. கழுத்துல தங்கத்தப் போடு. அம்மா வந்துகிறா, தணியற வரைக்கும் ஊசி மருந்து எதுவும் கூடாது."

"சுகரு ஏறிடுமேக்கா?"

"மூணு நாள்ல இன்னா ஏறிடப் போவுது? அவ கோவத்த யாரு தாங்கறது?"

தன் சங்கிலியைக் கழற்றி அவளே தேவசேனாவின் கழுத்தில் போட்டாள். தலைமாட்டில் வேப்பிலை வைத்தார்கள். "நாக்கு வறண்டுக்கினே போவுதுயா" என்று தேவசேனா சொல்லும்போதெல்லாம் செங்கல்வராயன் வெல்லம் கரைத்துப் பானகம் கொடுத்தான். அவளும் ஆசையாகக் குடித்தாள்.

மூன்றாம் நாள் மூக்கிலிருந்து கறுப்பாக வடிந்தது. வலது இமை திறக்கவே இல்லை. புத்தூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கே பார்த்துவிட்டு உடனே திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். இது கறுப்புப் பூஞ்சை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் வேகமாகப் பரவும். மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறிவிட்டது. கண்ணை எடுக்காவிட்டால் மூளைக்குப் போய்விடும். சொல்லி முடித்துவிட்டு, இன்சுலினை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அவன் மூன்று விரலைக் காட்டினான். பிறகு தேவசேனாவின் கட்டிலுக்குத் திரும்பி வந்தான்.

"இன்னாயா சொல்றாங்க?" என்றாள் தேவசேனா.

"கண்ண எடுக்கணுமாம்."

அவள் இடது கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு, "இன்னொண்ணு கீது இல்ல? அறுந்த நூல முடிய அது போதும். எடுக்கச் சொல்லு. ஒத்தக் கண்ணுன்னு உட்டுட்டு ஓடிடாத" என்றாள்.

கண்ணை எடுத்தார்கள். தினமும் நரம்பு வழியாக மருந்து ஏறியது. ஆனால் பூஞ்சை அதற்கு முன்பே மேலே போயிருந்தது. ஒன்பதாம் நாள் விடியலில் தேவசேனா இறந்துபோனாள்.

காரியத்தன்று பந்தியில் சுந்தரம்மா மோர் ஊற்றிக்கொண்டே வந்தாள். "அம்மா வந்தா, கையோட இட்டுக்கினு போயிட்டா" என்று பக்கத்து இலையில் யாரிடமோ சொன்னாள்.

செங்கல்வராயன் இலையிலிருந்து நிமிர்ந்தான்.

"அம்மா ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான் மூணு நாளு ஊசி போடல."

சுந்தரம்மா மோர்ச் சொம்போடு அப்படியே நின்றாள். மோர் ஊற்ற இன்னும் நான்கு இலைகள் இருந்தன.