கிருபாகரன் கையில் கட்டிய மிஷின்

கிருபாகரன் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸைப் பதினாறு வருஷம் ஓட்டியவன். காலையில் புதுப்பட்டினத்தில் எடுத்தால் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக நாற்பத்தெட்டுப் பேரை ஷிப்டுக்குக் கொண்டுபோய் இறக்குவான். நான் அதே கம்பெனியில் ஸ்பேர் டிரைவர். அவன் ஒரு நாளைக்கு ஊதும் பீடிக்கு ஒரு கட்டு பத்தாது என்று எனக்குத் தெரியும். விடச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் பிரஷர் பார்ப்பார். ஒரு மணி நேரம் ஃபேனுக்கடியில் உட்காரவேண்டும், அங்கே பீடி பற்றவைக்க முடியாது. முறை வரும்போது அவனுக்கு நூற்றிருபது, எண்பது. சீட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டுவான்.

"பாத்துக்கோ மச்சான். பீடி புடிக்கிறவன் நானு, பிரஷர் மாத்திரை துன்றவன் நீ!"

2006இல் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் காட்டப் போனான். கண் டாக்டரம்மா உள்ளே பார்த்துவிட்டு, "ரத்தக்குழாய் கெட்டிருக்கு. பிரஷர் எத்தனை வருஷமா?" என்றார். இல்லவே இல்லை என்று சீட்டைக் காட்டினான். அவர் நம்பவில்லை, வேறு டாக்டரிடம் அனுப்பினார். அங்கே கையில் ஒரு மிஷினைக் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க, அரை மணிக்கொரு தரம் அதுவே காற்றடித்துப் பிரஷரைக் குறித்துக்கொள்ளும். "வண்டி மட்டும் ஓட்டாதே. மத்தபடி தினம் எப்படியோ அப்படியே இரு."

மறுநாள் நான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் பானெட் மேல் விறைத்து உட்கார்ந்திருந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டியும் பீடியைத் தொடவில்லை.

"இன்னாடா, பீடி எங்க?"

"இன்னிக்கு வேணாம். பிரஷர் ஏறிக்கினா வண்டியப் புடுங்கிடுவாங்க. ரெண்டு பொண்ணுங்க படிச்சிக்கினு கீதுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். அத்தனை பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்களை இறக்கியதும் டீக்கடையில் நானே ஒரு கட்டு வாங்கி அவன் முன்னால் போட்டேன்.

"புடி."

"நீயா சொல்ற?"

"நாளைக்கும் இத்தத்தான் புடிக்கப்போற. அப்போ மிஷின் இருக்காது. பின்னால நாப்பத்தெட்டுப் பேரு இருப்பாங்க."

முறைத்தான். பிறகு பற்றவைத்தான். மூன்றாவது பீடியில் மிஷின் உறுமிக் கையை இறுக்கியது. அது நம்பர் காட்டாது என்று தெரிந்தும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிஷினைக் கழற்றிப் பார்த்ததில், பீடி பிடித்த நேரமெல்லாம் நூற்றெழுபதுக்குக் குறையவில்லை. டாக்டர் மூன்று மாசம் பஸ் ஓட்டக்கூடாது என்றார். மாத்திரை, பீடி அறவே கூடாது, பிறகு மறுபடி மிஷின். அதற்குப் பிறகுதான் வேலை உண்டா இல்லையா என்றது கம்பெனி.

அவன் என்னோடு பேசவில்லை. இரண்டு வாரம் பொறுத்து வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவன் மனைவி ஜெசிந்தா நிறுத்தினாள்.

"பீடி வாங்கிக் குடுத்தது நீங்கதானே அண்ணே?"

"ஆமாம்மா."

வாசலை விட்டு விலகி வழிவிட்டாள்.

"உள்ள வாங்க. பீடிய வுட்டு இன்னியோட பன்னெண்டு நாளு. வூட்ல எல்லார் மேலயும் வுழுந்து புடுங்குறாரு. நீங்களும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கினு போங்க."

உள்ளே போனேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுபடி மிஷின் கட்டும் தேதிக்கு இன்னும் இரண்டரை மாசம் இருந்தது. அவன் பஸ்ஸை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.