லிஃப்டுக்கு வெளியே ரொட்டி கேட்டவன்

பல வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் நைச்சியமாகப் பேசி வெளியே எடுப்பதில் நான் கில்லாடி என்று எனக்கே ஒரு நினைப்பு. அந்தத் தலைக்கனத்தோடுதான் அக்கா குடியிருக்கும் பிரெஞ்சு பேசும் ஊருக்கு லீவில் போனேன்.

போன மறுநாள் ரொட்டி வாங்க அனுப்பினாள். கடைக்குள் நுழைந்து நேராக ரொட்டியைக் கைகாட்டினேன். கடைக்கார அம்மா "பொன்ழூர்" என்றார். தீர்ந்துவிட்டது என்கிறார் போலும் என்று நினைத்து, கண்ணெதிரே இருக்கிறதே என்று மறுபடி காட்டினேன். காது கேளாதவனிடம் சொல்வதுபோல் நிதானமாக இன்னொரு "பொன்ழூர்" வந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அது வணக்கம்டா. வணக்கம் சொல்லாம எதைக் கேட்டாலும் இங்க மரியாதைக் குறைவு. கிளம்பும்போது நன்றியும் சொல்லணும்."

அடுப்படியில் உட்காரவைத்து வணக்கம், நன்றி, 'தயவுசெய்து ஒரு ரொட்டி கொடுங்கள்' ஆகியவற்றை ஒப்பிக்க வைத்தாள். அதன்பின் என்னைப் பிடிக்க ஆளில்லை. பஸ்ஸில் எல்லோருக்கும் பொன்ழூர். துணிக்கடை பொம்மைக்கும் ஒன்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் அக்கா குடியிருப்பின் மேல்மாடி அம்மாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். உள்ளிருந்து கதவைத் தட்டி அலறினார். அத்தான் லிஃப்ட் கம்பெனிக்கு போன் போட்டார். என் கையில் கருவியும் இல்லை, அடுத்தவர் மிஷினில் கைவைக்க உரிமையும் இல்லை. ஆறுதலாவது சொல்வோம் என்று கதவருகே போனேன்.

"பொன்ழூர், மதாம்."

தட்டல் நின்றது. "பொன்ழூர், முஸ்யே" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அந்த நிலையிலும் மரியாதையை விடவில்லை. எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்தது ஒரே வாக்கியம்தான்.

"தயவுசெய்து ஒரு ரொட்டி கொடுங்கள்" என்றேன் பிரெஞ்சில், மிகவும் கனிவாக.

உள்ளிருந்து நீளமாக ஏதோ கேட்டார். நன்றி சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி ரொட்டி கேட்டேன்.

மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னாள்: "மயக்கமே வர்ற மாதிரி இருந்துச்சாம். வெளிய யாரோ ரொட்டி கேட்கவும், பாவம், இவனுக்கு என்னைவிடப் பெரிய கஷ்டம் போலன்னு நினைச்சாங்களாம். பயம் போயிடுச்சாம்."

அன்றிலிருந்து படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் மூச்சுவிடாமல் பேசுவார். நான் தலையாட்டுவேன். தம்பி அக்கம்பக்கத்தாரோடு பிரெஞ்சில் அரட்டை அடிக்கிறான் என்று அக்கா ஊருக்கு போனில் சொன்னாள். பக்கத்தில்தான் இருந்தேன். மறுக்கவில்லை.