திவசத்துக்கு வந்த இரத்தக்காட்டேரி

தர்ப்பை மோதிரத்தை விரலில் மாட்டிவிட்டால் காரியம் முடியும்வரை இருந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது. ஐயர் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வார். நானும் ஒவ்வொரு வருடமும் "நான் எங்கை ஐயா ஓடப்போறன்" என்று பகிடி விடுவேன். இந்த மாசியில், அப்பாவின் திவசத்தன்று, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில், எனக்கு உண்மையிலேயே ஓட வேண்டியிருந்தது.

காரணம் ஒரு இரத்தக்காட்டேரி.

அவர் என் போனுக்குள் இருக்கிறார். ஒன்லைன் சூதாட்ட மெஷின். கறுப்பு அங்கி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவரின் சிரிப்பு. பொத்தானைத் தட்டினால் வௌவாலும் பூண்டும் இரத்தக் கிண்ணமும் சுழலும். மூன்று சவப்பெட்டிகள் ஒரே வரிசையில் வந்து நின்றால் இலவசச் சுற்றுகள். அவை முடியும்போது ஒரு பெட்டி திறக்கும். உள்ளே பெரிதாக ஏதாவது இருக்கலாம், வெறும் தூசியும் இருக்கலாம். கொலஸ்ரோல் குளிசை போடுகிற ஒரு குடும்பஸ்தன் பாத்ரூமில் குந்தியிருந்து, எப்போது சவப்பெட்டி திறக்கும் என்று ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் சிரித்தவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

போன கோடையில் மனைவியிடம் பிடிபட்டேன். அவள் கத்தவில்லை.

"இனி ஒருக்கா இந்தச் சூதைக் கண்டன் எண்டால் சண்டை பிடிக்கமாட்டன். நீங்கள் என்ன பகிடி விட்டாலும் சிரிக்கமாட்டன். அவ்வளவுதான்."

வேறொருவருக்கு இது தண்டனையாகவே தெரியாது. எனக்கோ இந்த ரொறன்ரோ முழுவதிலும் மிச்சமிருக்கும் ரசிகை அவள் ஒருத்திதான். நான் வாயைத் திறந்தால் வேலையிடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார்கள். மகள் "அப்பா, பிளீஸ், ஸ்ரொப்" என்பாள். மனைவியும் நிறுத்திவிட்டால் நான் வெறும் நரைத்த தலை.

அன்றைக்கே அவரைப் போனிலிருந்து அழித்தேன். கோடை முடிவதற்குள் திரும்பவும் ஏற்றினேன்.

திவசத்தன்று குளித்து வேட்டி கட்டிய கையோடு ஒரேயொரு தட்டுத் தட்டினேன். மூன்று சவப்பெட்டிகள். அந்த நேரம் பார்த்து ஐயர் வாசல் மணியை அடித்தார். வேட்டியில் பொக்கற் இல்லை. போனைக் கீழே கொண்டுபோய், பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சம்மணமிட்டேன். மகள் கதிரையில் ஏறி, புகை அலாரம் அலறாமல் இருக்க, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்ரிக் தொப்பியை அதற்கு மாட்டினாள். ஐயர் எனக்கு மோதிரத்தை மாட்டினார்.

லண்டனில் இருக்கும் அக்கா வீடியோவில்தான் திவசம் பார்ப்பாள், வழக்கமாக மனைவியின் போனில்.

"அப்பா, அம்மான்ட போன் டெட். உங்கடய யூஸ் பண்ணுறன், ஓகே? மாமிய ரீவில போடுறன். பிக் ஸ்கிரீன்."

"வேண்டாம் பிள்ளை, அது..."

"கதைக்கக்கூடாது," என்றார் ஐயர். "தண்ணியை விடுங்கோ."

விட்டேன். சுவரளவு ரீவியில் அக்கா எழுந்தருளினாள். என் போன் திரையில் வருவதெல்லாம் இனி அந்தச் சுவரிலும் வரும். வந்தது. அக்காவின் நெற்றிக்குக் குறுக்கே, ஒரு குட்டி வௌவாலுடன், ஆங்கிலத்தில்: பிரபுவே, தங்கள் சவப்பெட்டி காத்திருக்கிறது.

அக்காவுக்கு அது தெரியாது. அவள் பார்ப்பது என்னை மட்டும். ஐயரின் முதுகு ரீவிப் பக்கம். மகளின் முகம் தன் போனுக்குள். மனைவி மேலே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். பிழைத்தேன் என்று மூச்சு விட்டபோது அடுத்தது வந்தது: பிரபுவே, இரத்தம் ஆறுகிறது. இலவசச் சுற்றுகள் சற்று நேரத்தில் காலாவதியாகும்.

கை நடுங்கி எள் சிதறியது.

"மெதுவா. அவசரமோ?"

"இல்லை ஐயா."

"எனக்குத்தான் அவசரம். அடுத்தது மிசிசாகாவில."

"தம்பிக்குக் கை நடுங்குது," என்று ரீவியிலிருந்து அக்கா விம்மினாள். "அப்பாவை நினைச்சிட்டான்."

அப்பாவின் படம் எனக்கு நேரே இருந்தது. நான் நினைத்துக்கொண்டிருந்தது அவரை அல்ல. மனைவி கண்டுவிடுவாளே என்றுகூட அல்ல. சுற்றுகள் வீணாகப் போகப்போகின்றனவே என்றுதான் எனக்கு வியர்த்தது. அது விளங்கியதும் இன்னும் கூடுதலாக வியர்த்தது. எனக்கு மோதிரம் போட்டது ஐயர் மட்டும் அல்ல, காட்டேரியாரும்தான் போலிருந்தது.

மனைவி வாழையிலையுடன் படியிறங்கி வந்தாள். காட்டேரியார் அவளுக்காகவே காத்திருந்தவர்போல, இந்த முறை எழுத்தோடு நிற்காமல், ரீவியின் முழுச் சத்தத்தில் சிரித்தார்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தி அப்பாவின் படத்தைப் பார்த்தார். "ஆர் சிரிச்சது?"

மனைவி ரீவியை வாசித்து முடித்தாள். "இஞ்ச ஒருத்தரும் சிரிக்கேல்லை ஐயா," என்றாள்.

காரியம் முடிந்ததும் ஐயர் மோதிரத்தைக் கழற்றிவிட்டு மிசிசாகா போனார். இனிக் காகத்துக்குச் சோறு வைக்க வேண்டும். காகம் தொட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். வேட்டிக்கு மேல் குளிர்ச் சட்டையும் காலில் சப்பாத்துமாக இலையை ஏந்திக்கொண்டு பின்வளவுப் பனிக்குள் இறங்கினேன். மனைவி என் போனைக் கொண்டுவந்து வடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காகம் வருமட்டும் துணைக்கு இருக்கட்டும்."

கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு யன்னலில் திரைச்சீலை அசைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனை எடுத்துத் தட்டினேன். இன்னும் காலாவதியாகாமல் இருந்த சுற்றுகள் ஓடி முடிந்தன. சவப்பெட்டியின் மூடி ஆடியது, மெல்ல உயர்ந்தது. திரை கறுத்தது. இந்த ஊர்க் குளிர் பற்றறியின் இரத்தத்தை ஒரே மிடறில் குடித்துவிட்டது.

கறுத்த திரையைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினேன். "வெயில் பட்டது, ஆள் முடிஞ்சார்."

நல்ல பகிடி. என் வாழ்நாளின் சிறந்தவற்றில் ஒன்று. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. எனக்குப் பின்னால் ஒரு கறுப்பு அணில் வந்து அப்பாவின் வடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

அடுத்த பகிடியைத் தேடினேன். ஒன்றும் இல்லை. "எனக்கு இந்தச் சூதை விட ஏலாமக் கிடக்கு," என்றேன். கண்ணாடிக்கு ஊடாக அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

பூட்டுத் திறந்தது. "உள்ளுக்கு வாங்கோ. கால் விறைக்கப்போகுது."

சாப்பிட்ட பிறகு போனைச் சார்ஜில் போட்டாள். அந்தச் சூதாட்டத் தளத்தில், இனி என்னை உள்ளே விடாதே என்று நாமே கேட்டுக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. உறுதிதானா, உறுதிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டது. ஒவ்வொரு முறையும் நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் விரலைப் பார்த்தாள். தட்டினேன். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

நேற்று, "அப்பா இந்த முறை அணிலா வந்திட்டார், காகத்துக்கு விசா கிடைக்கேல்லைப் போல," என்றேன். கேத்திலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

அது அழுகையாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.