சாய்வதற்கு முன் ஒரு துண்டு

குற்றாலத்தில் குளித்த தலை காயும் முன்பே தென்காசிக்கு வந்து, கச்சேரி அரங்கின் வாசலில் நிற்கிறேன். முன்பு இது சினிமா தியேட்டர். திரை இருந்த இடத்தில் இப்போது மேடை. நாற்காலிகள் மட்டும் பழையவை. வாசல்காரர் என் டிக்கெட்டைப் பார்க்காமல் தலையைப் பார்க்கிறார்.

"எண்ணெ தேச்சா குளிச்சிய தம்பி?"

எனக்குச் சுருக்கென்கிறது. இதே வாசலில் இதே கேள்வியைக் கேட்டுத்தான், நாற்காலி டிக்கெட் வாங்கிய என் அப்பாவைத் தரையில் உட்கார வைத்தார்கள்.

"இல்ல அண்ணாச்சி."

"எல்லாவனும் இப்படித்தான் சொல்லுதான். சாயுத இடம் பூரா கறையாவுதுல்லா? அந்தக் காலத்துலருந்தே கேக்கது பழக்கம்" என்று ஒரு பழைய துண்டை நீட்டுகிறார்.

உள்ளே போகாமல் ஓரமாக நிற்கிறேன். காரில் வருகிறவர்களிடமும் கேட்கிறாரா, பார்ப்போம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் இறங்கி வருகிறார்.

"மொதலாளி, தலைய லேசா குனிங்க."

அவர் சிரித்தபடி குனிகிறார். "மசாஜ்காரன் அரை லிட்டர ஊத்திட்டாம்வே!" அவருக்கும் ஒரு துண்டு.

அப்படியானால், ஆளைப் பார்த்துத்தான் தரைக்கு அனுப்பினார்கள் என்று அப்பா தப்பாக நினைத்துக்கொண்டாரா? உள்ளே நாற்காலி முதுகில் துண்டை விரித்து உட்கார்ந்ததும் அவருக்குப் போன் போடுகிறேன். மேடையில் தவிலுக்கு வார் இழுக்கிறார்கள்.

"அப்பா, அன்னைக்கி தியேட்டருக்கு எண்ணெ தேச்சிட்டா போனிய?"

"ஏலே, அப்பம் நம்ம வீட்டுல தாளிக்கவே எண்ணெ கெடயாது. தலைக்கு எங்கன போவ?"

துண்டை உருவி மடியில் வைத்துக்கொண்டு, தலை நன்றாகப் படும்படி சாய்ந்துகொள்கிறேன்.