கடைசிப் பாட்டின் கைதட்டல்

மெல்பேர்ணுக்கு வந்த முதல் வருடம் எந்தப் பத்திரிகையும் எனக்கு வேலை தரவில்லை. கொழும்பில் துணை ஆசிரியராக இருந்தேன் என்று சொன்னால் மரியாதையாகக் கேட்பார்கள். குளிர் பழகிவிட்டதா என்று விசாரிப்பார்கள். பிறகு வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். கடைசியில் என்னை எடுத்தது ஓர் இசைத்தட்டு நிறுவனம். தட்டின் உறையில் பின்பக்கம் வரும் வாசகங்களை எழுதுவதும் திருத்துவதும் என் வேலை. ஒரு பொய்யாவது இல்லாத வாசகத்தை அங்கே யாரும் ஏற்றுக்கொண்டதாக நினைவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் நிறுவனத்தின் பட்டியலில் கிற்றாரோடு நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் ஒரு கிழட்டு கன்ட்ரி பாடகர் இருந்தார். ஆடு மேய்க்கும் ஊர்களிலும் கோதுமை ஊர்களிலும், விவசாயக் கண்காட்சித் திடல்களிலும் ஹோட்டல் மண்டபங்களிலும் நாற்பது வருடமாகப் பாடியவர். நகரத்தில் அவரை, தகப்பன்மார் காலத்தில் கேட்ட ஆள் என்று சொல்வார்கள். அவருடைய தட்டு வந்து பல வருடமாகியிருந்தது. அப்போதுதான் சிட்னி அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் இளம் தயாரிப்பாளருக்கு யோசனை பிறந்தது. ஒரே இரவு, ஒரே மேடை, சனங்களுக்கு முன்னால் ஒலிப்பதிவு. ஒவ்வொரு பாட்டையும் கிழவரோடு ஒரு பிரபலம் சேர்ந்து பாடுவார்.

பிரபலங்களின் பெயர்களை என்னிடம் தந்தார்கள். விளையாடுவதை நிறுத்திவிட்ட ஒரு கால்பந்து வீரர். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண். ஒரு குதிரைப் பந்தயக்காரர். கம்பள விளம்பரத்தில் கத்துகிறவர். எல்லோருக்கும் மேலே, மாலை நிகழ்ச்சி ஒன்றை நடத்தும் நகைச்சுவைக்காரர். பாடகர் யாரும் இல்லையா என்று கேட்டேன்.

“பாடகர்தான் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறாரே” என்றார் தயாரிப்பாளர். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

உறைக்குத் தகவல் தருவதற்காகக் கிழவர் ஒருநாள் என் மேசைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எழுந்திருக்கும்போது தானாகவே ஒன்று சொன்னார். இந்தக் கூத்துக்கு அவர் சம்மதித்தது ஒரே நிபந்தனையில். ஒரு பாட்டை அவர் தனியாகப் பாடுவார். மழை வராத வருடத்தில் மாடுகளை விற்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தகப்பனைப் பற்றிய பாட்டு. எழுதிப் பல காலமாகியும் ஒரு தட்டிலும் ஏறவில்லை. அதில் திரும்பத் திரும்ப வரும் அடி கிடையாது, கூடச் சேர்ந்து பாட இடமில்லை. அதனாலேயே யாருக்கும் வேண்டாததாக இருந்தது.

“கீழே இறங்குகிற ஒரு சுரம் இருக்கிறது, நண்பா. இந்த வருடம் பிடிக்கிறேன். அடுத்த வருடம் முடியாது” என்றார்.

“எத்தனையாவதாகப் பாடப் போகிறீர்கள்?”

“கடைசியாக. வேறெங்கே?”

மேடையில் அதுதான் வழக்கம். கடைசி இடம் மூத்தவருக்கு. நான் பத்திரிகையில் பழகிய வழக்கம் வேறு. பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியின் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அச்சுக்கோப்பவர் வாசித்துக்கூடப் பார்க்காமல் கடைசிப் பந்தியைத் தூக்கிவிடுவார். அதனால் முக்கியமானதை நாங்கள் ஒருநாளும் கடைசியில் வைப்பதில்லை. இதை அவரிடம் சொன்னேன். முதலாவதாக வையுங்கள், அல்லது நடுவில் வையுங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். “முதல் பாட்டை யார் கேட்கிறார்கள்? உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.”

ஒலிப்பதிவு நடந்த மண்டபத்துக்கு என் மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். நகரத்தின் ஓரத்தில், டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். யாழ்ப்பாணத்தில் வானொலியில் இந்த மாதிரிப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன். இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. எங்கள் தலைக்கு மேலே கூரையிலிருந்து ஒலிவாங்கி ஒன்று தொங்கியது. சனங்களின் கைதட்டலைப் பிடிப்பதற்கு.

கால்பந்து வீரர் வரிகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வியர்வையில் மை கரைந்ததும் வாயை மட்டும் அசைத்தார். வானிலைப் பெண் பாட்டில் எந்த ஊர் வந்தாலும் கையால் காற்றில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கம்பளக்காரர் விளம்பரத்தில் போலவே கத்தினார். ஒவ்வொருவரும் தடுமாறும் இடத்தில் கிழவர் கிற்றாரை மெதுவாக்கி, அவர்களுக்காகக் காத்திருந்து, தோளில் கை போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோனார். அதைச் சனங்கள் நட்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

“அத்தான், உந்தாள் தனியப் பாடினாலே காணும். உவையள் எல்லாம் என்னத்துக்கு?” என்றான் மைத்துனன்.

“டிவியிலை வாற ஆக்களாம்.”

“அப்ப டிவியிலையே இருக்கட்டும். ஆர் வரச் சொன்னது?”

நகைச்சுவைக்காரர் கடைசிக்கு முந்திய பாட்டுக்கு வந்தார். இரண்டாவது சரணம் அவருக்குத் தெரியவில்லை. அதைப் படித்துக்கொண்டு வரவேண்டும் என்று தோன்றியதாகவும் தெரியவில்லை. கிழவரின் தொப்பியைப் பற்றி ஒரு பகிடி விட்டார். வயதைப் பற்றி ஒன்று. தொப்பியைப் பற்றி இன்னொன்று. சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிழவர் அதே இரண்டு சுரங்களை மாறி மாறி வாசித்தபடி நின்றார். சமையல் முடியும்வரை குசினி வாசலில் நிற்கிற ஆள் மாதிரி.

பிறகு மேடையில் அவர் மட்டும் இருந்தார். அந்தப் பாட்டைப் பாடினார். தாழ்ந்து இறங்கும் இடத்தில் குரல் உடையப் போவது கேட்டது. உடையவில்லை. பாட்டு முடிந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் மைத்துனன் கதிரை மேல் ஏறி, தொங்கிய ஒலிவாங்கிக்கு நேரே, “இன்னொருக்கா!” என்று கத்தினான். தமிழில் கத்துகிறோம் என்ற நினைவு அவனுக்கு இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தயாரிப்பாளர் என் மேசையருகே வந்து, உறையில் கடைசிப் பாட்டின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். தட்டின் ஒரு பக்கத்தில் ஏற்றக்கூடிய நேரத்துக்கு ஓர் அளவு உண்டு. இரண்டாம் பக்கம் அதைத் தாண்டிவிட்டது.

“பகிடிகளைக் குறைக்கலாமே?”

“பகிடிக்காகத்தான் வாங்குவார்கள்.”

“அது அவருடைய நிபந்தனை.”

“லெஜண்டுக்குப் புரியும். அடுத்த தட்டில் போடுவோம்” என்றார். கிழவரை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுத்த தட்டு என்று ஒன்று இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

உறைக்கு நான் எழுதியிருந்த வாசகத்தையும் மாற்றினார்கள். பழைய நண்பர்கள் ஒன்றுகூடிய இரவு என்று போட்டார்கள். அந்த மாலைக்கு முன் அவர்களில் ஒருவரையும் கிழவர் சந்தித்ததில்லை.

தட்டு வெளிவந்தது. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மைத்துனன் சப்பாத்தைக் கழற்றாமலே கிராமபோன் பக்கத்தில் உட்கார்ந்தான். நகைச்சுவைக்காரரின் பாட்டு முடிந்தது. உடனே ஒரு பெரிய கைதட்டல் எழுந்தது. நீளமான கைதட்டல். கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். அதற்கு நடுவில், தெளிவாக, “இன்னொருக்கா!”

மைத்துனன் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தான். மறுபடியும் அதே குரல்.

“இது என்ரை குரல்” என்றான். “நான் உந்த விசரனுக்கே கத்தினனான்?”

பாட்டை வெட்டியவர்கள் கைதட்டலை வெட்டவில்லை. அது நல்ல கைதட்டல். வீணாக்க மனம் வரவில்லை. எடுத்து நகைச்சுவைக்காரரின் வாலில் ஒட்டிவிட்டார்கள்.

“அந்த மனிசனுக்குச் சொல்லுங்கோ அத்தான்.”

அடுத்த நாள் தொலைபேசியில் கூப்பிட்டேன். கிழவர் தட்டை ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

“அந்தக் கைதட்டல் எனக்குத் தெரியும்” என்றார். “நடுவில் ஒருவர் என்னவோ கத்துகிறாரே, அது என்ன மொழி?”

சொன்னேன். இன்னொரு தரம் என்று அர்த்தம் என்றேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில் வைக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள்தான், என்று மட்டும் சொல்லவில்லை.

தட்டு நன்றாக விற்றது. நகைச்சுவைக்காரர் தன் நிகழ்ச்சியில் அதைத் தூக்கிக் காட்டி, தான் பாடகனான கதையைச் சொன்னார். கைதட்டலைக் கேட்டீர்களா என்று சனங்களிடம் கேட்டார். கேட்டோம் என்றார்கள்.

அடுத்த குளிர்காலம் கிழவர் டண்டினொங்கில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பாடினார். பிரபலம் யாரும் வரவில்லை. நானும் மைத்துனனும் போனோம். பாதிச் சனம் இன்னும் பியருக்கு வரிசையில் நின்றது. மற்றப் பாதி கதிரைகளை இழுத்துக்கொண்டிருந்தது. கிழவர் வந்தார், வணக்கம்கூடச் சொல்லாமல் மாடு விற்ற தகப்பனின் பாட்டைத் தொடங்கினார். முதலாவது பாட்டாக. தாழ்ந்து இறங்கும் இடத்தில் குரல் இந்த முறை உடைந்தது. அவர் நிறுத்தவில்லை, பாடி முடித்தார்.

ஆறேழு பேர் கைதட்டினார்கள்.

மைத்துனன் எழும்பினான். கதிரையில் ஏறவில்லை, கத்தவுமில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் உப்புக் கேட்பது போல, “இன்னொருக்கா” என்றான்.

கிழவர் எங்கள் பக்கம் பார்த்துத் தொப்பியைச் சற்றுத் தூக்கினார். பிறகு அதே பாட்டை ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பியர் கிளாஸ்களோடு திரும்பி வந்தவர்கள், நிகழ்ச்சி இப்போதுதான் தொடங்குகிறது என்று எண்ணி அமைதியாக உட்கார்ந்தார்கள்.