தினமும் மாறிய எண்

அம்மா போன பிறகு அப்பா ஆத்தூர் வீட்டில் தனியாக இருந்தார். தூத்துக்குடிக்கு வந்துவிடுங்கள் என்றால் கேட்கிற ஆளா? ரிட்டயரான கணக்கு வாத்தியார் வேறு. ஹார்பர் பக்கம் நான் இருந்ததும் ஒற்றை அறைதான். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. ஒருமுறை பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார், எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. உடனே போய் இன்டர்நெட் இழுத்து, முன்னறையில் ஒரு கேமரா மாட்டிவிட்டு வந்தேன். கப்பல் ஏஜென்சி ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அது பெரிய வேலையில்லை.

ஒரே சிக்கல், அந்த இணைப்புக்கு நிலையான முகவரி எண் கிடையாது. ரூட்டர் அணைந்து எரிந்தால் எண் மாறிவிடும். புது எண் தெரியாமல் கேமராவைப் பார்க்க முடியாது. எப்போதாவது கரண்ட் போனால் பார்த்துச் சொல்லட்டும் என்று, எண்ணைக் காட்டும் பக்கத்தை அப்பாவின் செல்லில் வைத்துக் கொடுத்திருந்தேன்.

மனுஷர் தினமும் காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அமர்த்திவிட்டுப் போனார். வெளியூர் போகிறவர்கள் எங்கள் பக்கம் அப்படிச் செய்வார்கள், சரி. நாலு தெரு தள்ளி இருக்கிற சாமியைப் பார்க்க எதற்கு?

அவர் திரும்பி வந்து மெயினைப் போட்டதும் எண் மாறியிருக்கும். ஏழரைக்கு நான் ஆபீஸ் பூட்டைத் திறந்து உட்காரும்போது போன் வரும்.

"ஏலே, எழுதிக்கோ. நூத்திப் பதினேழு. புள்ளி..." கடைசி எண் வரைக்கும் டிக்டேஷன். "திருப்பிச் சொல்லு." சொல்வேன். "சரி, வைக்கேன்."

அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று அவரும் கேட்க மாட்டார், நானும் கேட்க மாட்டேன். எங்களுக்குள் எப்போதுமே அப்படித்தான்.

மூன்று மாதத்தில் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஏம்ப்பா தினமும் அமத்துதீங்க? பிரிட்ஜ்ல பால் கெட்டுப் போகாதா?"

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. வீடு தீப்பிடிச்சா நீயா வந்து அணைப்ப?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய் டைனமிக் டிஎன்எஸ் போட்டேன். வீட்டுக்கு ஒரு பெயரைப் பதிவு செய்தாயிற்று. எண் எத்தனை முறை மாறினாலும் ரூட்டரே புது எண்ணை அந்தப் பெயரில் சேர்த்துவிடும். நான் பெயரை அடித்தால் போதும்.

"இனிமே நீங்க நம்பர் சொல்ல வேண்டாம்ப்பா," என்றேன், ஏதோ சாதித்துவிட்டவன் போல.

"அப்பம் நான் கூப்பிட வேண்டாம்னு சொல்லுத."

"ஆமாப்பா. ஒங்களுக்கும் தொல்லை விட்டுது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சரி என்றார்.

இரண்டு நாள் அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் நாள் ஏழரைக்குப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அசடு மாதிரி. அன்றைக்கு என் அறைக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது: டீக்கடையில் டீ கேட்டதைத் தவிர நான் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று டிஎன்எஸ் பதிவைத் திறந்தேன். எண் மாறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். நான் போட்ட நாளின் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ரூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று திட்டிக்கொண்டே சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை. எண் மாறவே இல்லை.

கேமராவில் பதிவாகியிருந்த அந்தப் பத்து நாள் காலைகளை ஓட்டிப் பார்த்தேன். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போடுகிறார், கதவைப் பூட்டுகிறார், கோயிலுக்குப் போகிறார். கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற மெயினை ஒருநாள்கூடத் தொடவில்லை.

அட மடையா! மெயினை அமர்த்தினால் எண் மாறும், எண் மாறினால் மகனைக் கூப்பிடலாம். இதற்காகவா மனுஷர் மூன்று மாதம் பாலைக் கெடுத்தார்?

போன் போட்டேன். திரையில் அப்பா நாற்காலியைவிட்டு வேகமாக எழுந்து செல்லைத் தேடி எடுத்தார்.

"என்னலே, நம்பர் மாறிட்டா?"

"இல்லப்பா."

"கேமரா தெரியலையோ?"

"தெரியுதுப்பா."

"அப்பம் எதுக்குக் கூப்பிட்ட?"

நான் திரையைப் பார்த்தேன். அப்பா போனை வைக்காமல், காதோடு அழுத்திப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.