வவுச்சர் பஞ்சாயத்து

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நகரங்களின் சூட்டைத் தணிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று பேசும் மாநாட்டுக்கு வந்த நான், அதே சூட்டுக்குப் பயந்து ஒரு மின்சாதனக் கடைக்குள் ஒதுங்கி, ஏதோ வாங்கப்போகிறவன் முகத்தோடு குளிர்காற்றில் நிற்கிறேன்.

பக்கத்தில் ஆங் மோ கியோ வட்டாரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. மின்சாரம் குறைவாக இழுக்கும் சாமான் வாங்க அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த வவுச்சர் அவர்கள் கைபேசியில் இருக்கிறது. மனைவி ஏசியை விட்டு நகர மறுக்கிறார். கணவர் மின்விசிறியைத் தடவியபடி முறையிடுகிறார்.

"உலகத்தைக் காப்பாத்தக் குடுத்த காசு லா! அதுல போயி யாராச்சும் ஏசி வாங்குவாங்களா?"

"நைட் ஷிஃப்ட் பாத்துட்டுப் பகல்ல தூங்குறது நான். உங்க உலகமா வந்து தூங்குது?"

கணவரின் கண் என் கழுத்தில் தொங்கும் மாநாட்டு அட்டையில் விழுகிறது. "சார் எக்ஸ்பர்ட்டு. நீங்களே சொல்லுங்க சார்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மரநிழல், காற்றோட்டம் என்று ஆரம்பிக்கிறேன்.

மனைவி குறுக்கிடுகிறார். "ஹோட்டல்ல ஏசிய எத்தனைல வச்சிருக்கீங்கண்ணே?"

"பதினெட்டு." பொய் சொல்ல வாய் வரவில்லை. "கம்பளியும் போத்திக்குவேன்."

மனைவி விற்பனையாளரிடம் ஏசிக்கு வவுச்சரை நீட்டுகிறார்.

கணவர் என் தோளைத் தட்டுகிறார். "கான்ஃபரன்ஸ்ல சொல்லுங்க சார், சிங்கப்பூர்ல ஒருத்தன் கடைசிவரைக்கும் போராடுனான், அவன நாந்தான் கவுத்துட்டேன்னு."